2008இல் எழுதிய உயிலைத் திருத்தலாமா, புதிதாக எழுத வேண்டுமா? (ஏற்காட்டுத் தோட்டம், சேலத்து வீடு)

நாகலூர்த் தோட்டம் | ஞாயிறு, இரவு 9:10

வணக்கம். அப்பாவுக்கு 79 வயது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் நிழல், மரமெல்லாம் மிளகுக் கொடி. நான்கு ஏக்கர் 1984இல் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, இரண்டு ஏக்கர் தாத்தா வழியில் வந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீடு, அதுவும் அப்பா கட்டியதுதான்.

2008இல் அப்பா உயில் எழுதிப் பதிவும் செய்துவிட்டார். வீடு எனக்கு, தோட்டம் முழுவதும் தம்பிக்கு, அம்மாவின் நகைகள் தங்கைக்கு. எல்லோரும் சரி என்று சொன்னோம். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அதையும் சரி என்றே எடுத்துக்கொண்டோம்.

பிறகு எல்லாம் மாறிவிட்டது. அப்போது தோட்டம் ஏழு ஏக்கர். 2015இல் அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக ஒரு ஏக்கரை விற்றோம். 2021 மே மாதம் தம்பி கொரோனாவில் போய்விட்டான். அவன் மனைவியும் 11 வயது மகளும் தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். பழம் பறிப்பதிலிருந்து கூலி கொடுப்பது வரை தம்பி மனைவிதான் பார்க்கிறார். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் காலமாகிவிட்டார். அம்மாவைப் பற்றி அந்த உயிலில் ஒரு வரிகூட இல்லை.

சென்ற வாரம் அப்பா தகரப் பெட்டியைத் திறந்து உயிலை எடுத்து, என்னை வாசிக்கச் சொன்னார். தம்பியின் பெயர் வந்த இடத்தில் எனக்குக் குரல் எழவில்லை. அப்பா பத்திரத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டு, "இதை மாற்றி எழுது" என்றார்.

நானே ஒரு மாதிரியைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அதில் கையெழுத்து வாங்கிப் பதிவு செய்தால் போதுமா? பழைய உயிலுக்குத் திருத்தம் மட்டும் எழுதினால் ஆகாதா? உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் செட்டில்மென்ட் செய்வது மேல் என்று சிலர் சொல்கிறார்கள். தம்பிக்கு எழுதிய பங்கு என்ன ஆகும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய பத்திரம் | ஞாயிறு, இரவு 10:25

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மாதிரியை அழித்துவிடுங்கள்.

சேலத்தில் 34 ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் நான். உயில் வழக்குகளில் சாட்சி சொல்ல நீதிமன்றப் படி ஏறியவன். அங்கே முதலில் கேட்கும் கேள்விகள் இவைதான்: இதை எழுதியது யார்? பத்திர எழுத்தருக்குப் பணம் கொடுத்தது யார்? பெரியவரை அழைத்து வந்தது யார்? எல்லாவற்றுக்கும் பதில் சொத்தைப் பெறுகிற மகன் என்றால், அந்த உயில் மீது நீதிமன்றத்துக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆதாயம் பெறுபவரே முன்னின்று எழுதவைத்த உயிலில், சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 1959லேயே சொல்லிவிட்டது. இன்றுவரை அந்தத் தீர்ப்பைத்தான் எல்லா வழக்குகளிலும் காட்டுகிறார்கள். நீங்கள் நல்லவராக இருக்கலாம். உங்கள் நல்ல மனதை உயிலோடு இணைத்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியாது.

அப்பாவே ஒரு வழக்கறிஞரிடமோ எழுத்தரிடமோ பேசட்டும். அவர் பேசும்போது நீங்கள் வெளியே இருங்கள். நான் உயில் எழுதிய காலத்தில் பெரியவரைத் தனியே உட்காரவைத்து, பிள்ளைகள் எத்தனை பேர், மூத்தது எது என்று கேட்பேன். பிறகு, "உங்கள் நிலத்துக்குக் கிழக்கே யார் நிலம்? வடக்கே என்ன ஓடுகிறது?" என்பேன். செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லைகளையும், மனப்பாடமாக ஒப்பிப்பவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிடும். ஒருமுறை ஒரு பெரியவர் மகனைப் பார்த்து விழித்தார். எழுத மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

திருத்தமா, புதியதா என்றால், உங்களுக்குப் புதியதுதான். வழக்கறிஞர்கள் கோடிசில் என்று சொல்லும் திருத்தம் சின்ன மாற்றத்துக்குப் போதும். உங்கள் வீட்டில் ஆளும் மாறிவிட்டார், அளவும் மாறிவிட்டது. 2008 உயிலின் ஆவண எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, "அதை இதன்மூலம் ரத்து செய்கிறேன்" என்று புதிய உயிலின் தொடக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். விற்ற ஏக்கர் தானாகவே பழைய உயிலிலிருந்து விழுந்துவிட்டது. மீதியை இன்றைய சர்வே எண், உட்பிரிவு எண்ணோடு எழுத வேண்டும்.

சாட்சிகள் இருவர். அப்பாவை விட வயதில் நன்றாக இளையவர்கள், பக்கத்திலேயே இருப்பவர்கள், சொத்தில் பங்கில்லாதவர்கள். ஒருவர் அப்பாவைப் பார்க்கும் மருத்துவராக இருந்தால் மிக நல்லது. உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். நடக்க முடியாதவராக இருந்தால் மனுக் கொடுத்துப் பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைக்கலாம்.


மலையடிவாரம் | திங்கள், காலை 7:02

உயில் எல்லாம் தலைவலி. அப்பா கண்ணை மூடிய பிறகு பட்டா மாற்றப் போனால் வாரிசுச் சான்று, எல்லோருடைய சம்மதம் என்று ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் செய்துவிட்டால் அன்றைக்கே முடிந்தது. 2023 ஜூலை முதல் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் செய்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. தங்கைக்குக் கல்யாணத்தின்போதே செய்ய வேண்டியதைச் செய்திருப்பீர்கள். தோட்டத்தை இரண்டாகப் பிரித்துத் தம்பி குடும்பத்துக்கும் உங்களுக்கும் எழுதி முடியுங்கள்.


சூரமங்கலம் பெரியவர் | திங்கள், காலை 8:40

மேலே எழுதியவருக்கு என் கதையைச் சொல்ல வேண்டும். 2017இல் என் வீட்டை மகனுக்குச் செட்டில்மென்ட் செய்து கொடுத்தேன். அன்போடும் பாசத்தோடும் கொடுப்பதாகத்தான் பத்திரத்தில் எழுதினோம். என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை எழுதப்படவில்லை. "அப்பா, அதெல்லாம் எழுதினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்" என்றான். எனக்கும் கூச்சமாகப் போய்விட்டது.

இரண்டே ஆண்டில் மாடி அறை வாடகைக்குப் போனது. நான் கூடத்துக்கு வந்தேன். பிறகு கூடத்திலும் இடமில்லை. 2007இல் வந்த மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது, அதன் 23ஆம் பிரிவின்படி இப்படிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறலாம் என்று ஒருவர் சொல்லி, கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தேன். நிபந்தனை எங்கே என்றுதான் எதிர்த்தரப்பு முதலில் கேட்டது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த நிபந்தனை வேண்டும் என்றே சொல்லியிருந்தது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பில், பெரியவர்களைக் காக்க வந்த சட்டத்தை அந்த நோக்கத்தோடு தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் வழக்கு இன்னும் நடக்கிறது. மகள் வீட்டில் இருக்கிறேன்.

கொடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கொடுத்தால் ஆயுட்கால அனுபவ உரிமையை அப்பா பெயரிலும் அம்மா பெயரிலும் வைத்துக்கொள்ளுங்கள், சோறும் மருத்துவமும் நிபந்தனையாக எழுதுங்கள். உயிலை நினைத்த நாளில் மாற்றலாம். செட்டில்மென்ட் கொடுத்தபின் நம் ஒரு கையெழுத்தால் திரும்ப வராது.


சிவில் வழக்கு | திங்கள், பகல் 1:15

நான் சேலம் நீதிமன்றத்தில் சொத்து வழக்குகள் நடத்துபவன். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்கிறேன்.

தம்பியின் பங்கு: உயில் எழுதியவருக்கு முன்பே பயனாளி இறந்தால் அந்தப் பங்கு பொதுவாகச் செல்லாமல் போகும். ஆனால் பயனாளி எழுதியவரின் பிள்ளையாக இருந்து, அவருக்கும் பிள்ளை இருந்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன் 109ஆம் பிரிவு அந்தப் பங்கைக் காப்பாற்றுகிறது. உங்கள் தம்பி அப்பாவுக்கு அடுத்த கணத்தில் இறந்ததாகக் கொண்டு, பங்கு தம்பியின் சொத்தில் சேரும். தம்பி உயில் எழுதவில்லை என்றால் அவர் மனைவி, மகள், அம்மா மூவருக்கும் சமமாகப் போகும். ஆம், உங்கள் அம்மாவும் தம்பியின் முதல் நிலை வாரிசு. இது பலருக்குத் தெரிவதில்லை. பழைய உயில் அப்படியே இருந்தாலும் தம்பி மகள் தெருவில் நிற்க மாட்டாள். ஆனால் அப்பா மனதில் என்ன இருக்கிறதோ அதை நேராக எழுதுவதே நல்லது.

குழந்தையின் பெயரில் நிலம் வந்தால், அவளுக்கு 18 வயது ஆகும்வரை நீதிமன்ற அனுமதி இல்லாமல் அம்மாகூட அதை விற்க முடியாது.

அம்மாவுக்கு ஆயுட்கால உரிமை எழுதும்போது சொற்களில் கவனம் வேண்டும். ஜீவனாம்சத்துக்குப் பதிலாக மனைவிக்குக் கொடுத்த குறைந்த உரிமை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி முழு உரிமையாக வளர்ந்துவிடும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாவுக்கு முழுதாகவே கொடுப்பதுதான் அப்பாவின் எண்ணம் என்றால் அப்படியே எழுதலாம். இல்லையென்றால் இதை அறிந்த ஒருவர் எழுத வேண்டும்.

ஒரு கேள்வி. தாத்தா நிலம் இரண்டு ஏக்கர் அவருக்கு எப்படி வந்தது? அவர் எப்போது இறந்தார்? தாத்தாவுக்குப் பெண் பிள்ளைகள் உண்டா?


நாகலூர்த் தோட்டம் | திங்கள், இரவு 8:50

ஐயா, தாத்தா அதை 1952இல் கிரயம் வாங்கியிருக்கிறார். 1971இல் உயில் எழுதாமல் இறந்தார். பெரியப்பாவும் அப்பாவும் 1974இல் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். ஓர் அத்தை இருக்கிறார், ஓமலூர்ப் பக்கம். பத்திரத்தை இன்று முழுவதும் படித்துவிட்டேன். அதில் அத்தையின் பெயரே இல்லை.


சிவில் வழக்கு | திங்கள், இரவு 9:30

தாத்தா சொந்தமாக வாங்கியது, இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956க்குப் பிறகு இறந்தார் என்பதால் அப்பாவுக்கு வந்த பங்கு அப்பாவின் தனிச் சொத்து. பேரப்பிள்ளைகள் பிறந்ததாலேயே உரிமை கோர முடியாது. 1986இலேயே இதை உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஊரில் தாத்தா சொத்து எல்லாவற்றையும் பூர்வீகம் என்று சொல்வது வழக்கம், சட்டத்தில் அப்படி இல்லை. ஆகவே அப்பா அதையும் உயிலில் எழுதலாம்.

ஆனால் அதே 1956 சட்டத்தின்படி அத்தையும் அண்ணன் தம்பிக்குச் சமமான வாரிசு. அவரை விட்டுவிட்டுச் செய்த பாகப்பிரிவினை அவரைக் கட்டுப்படுத்தாது. 50 ஆண்டுகள் கழித்து வழக்குப் போட்டால் நிற்குமா என்பது வேறு விவாதம். அந்த விவாதத்தை உங்கள் பிள்ளைகள் நீதிமன்றத்தில் நடத்த வேண்டுமா என்று யோசியுங்கள். அத்தை உயிரோடு இருக்கும்போதே அப்பா அவரிடம் பேசி, உரிய தொகை கொடுத்து, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதும் விடுதலைப் பத்திரம் பெறுவது நல்லது. அது முடியும்வரை உயிலில் "எனக்குள்ள உரிமை" என்று மட்டும் எழுதட்டும்.


ஆத்தூர் மகள் | செவ்வாய், காலை 6:20

இரவெல்லாம் இந்த இழையைப் படித்தேன். 1974இல் அத்தை பெயர் இல்லை. 2008இல் தங்கைக்கு நகை மட்டும். ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஏனென்றால் இது என் கதையும்கூட.

எனக்கு 1993இல் திருமணம். தமிழ்நாட்டில் பெண்ணுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு என்ற சட்டம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அன்று திருமணமாகாமல் இருந்த எனக்கு அந்த உரிமை இருந்தது. யாரும் சொல்லவில்லை. 1998இல் அண்ணன் ஊருக்கு வந்து, வங்கிக் கடனுக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று கூட்டிப் போனான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து எல்லோரும் இட்லி சாப்பிட்டோம். அது விடுதலைப் பத்திரம் என்று எனக்கு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். 2005இல் மத்தியச் சட்டம் வந்தது, 2020இல் உச்ச நீதிமன்றம் மகள் பிறப்பாலேயே பங்காளி என்றது. என் கையெழுத்து எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

மலையடிவாரம் அவர்களே, கல்யாணத்தின்போது செய்தது சீர். சீர் என்பது பங்கு அல்ல. என் 30 சவரனில் 22 சவரன் என் கணவரின் விசைத்தறிக் கடனில் போனது. அண்ணன் நிலம் அப்படியே இருக்கிறது, விலை ஏறிக்கொண்டும் இருக்கிறது.

நாகலூர்த் தோட்டம் அவர்களே, உங்கள் தங்கை 2008இல் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினீர்கள். அவரிடம் கேட்டீர்களா?


மலையடிவாரம் | செவ்வாய், காலை 9:11

சகோதரி, உங்களை ஏமாற்றியது தவறு. நான் சொன்னதை அந்த இடத்தில் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தன் சம்பாத்தியத்தை யாருக்குக் கொடுப்பது என்பது அந்தப் பெரியவரின் உரிமை. சட்டமும் அதைத்தானே சொல்கிறது?


ஆத்தூர் மகள் | செவ்வாய், காலை 9:40

அவர் உரிமைதான். தெரிந்து கொடுக்கட்டும், தெரிந்து மறுக்கட்டும். மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுதட்டும்.


மிளகுக்கொடி | செவ்வாய், மாலை 5:30

மஞ்சக்குட்டைப் பக்கம் எங்களுக்கும் தோட்டம் இருக்கிறது. சட்டம் தெரிந்தவர்கள் பேசிவிட்டார்கள், நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

மலை நிலத்தை ஏக்கர் கணக்கில் பிரிக்காதீர்கள். எங்கள் அப்பா எட்டு ஏக்கரை நான்கு நான்காக எனக்கும் அண்ணனுக்கும் எழுதினார். தாளில் சமம். ஆனால் சாலை மேலே, ஊற்று மேலே, காப்பி உலர்த்தும் களம் மேலே, பழம் தோல் உரிக்கும் எந்திரக் கொட்டகை மேலே. கீழ்ப் பங்கு என்னுடையது. பாதை எங்கே போகிறது என்று பத்திரத்தில் ஒரு சொல் இல்லை. முதல் ஆண்டு பிரச்சினை இல்லை. அண்ணன் இறந்தபின் அவர் மகன் வேலி போட்டான். அந்த ஆண்டு பறித்த பழத்தை ஆட்கள் தலையில் சுமந்து பக்கத்துத் தோட்டம் வழியாக அரை மைல் சுற்றிக் கொண்டுபோனோம். காப்பிப் பழம் காத்திருக்காது. பறித்த அன்றே தோல் உரிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டையிலேயே புளித்துவிடும். நான்கு மூட்டை அப்படிப் போனது. மூட்டையைத் திறந்தபோது வந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அளவரை அழைத்து நிலவரைபடத்தோடு நடந்து பாருங்கள். பாதை எத்தனை அடி அகலம், எந்த மரத்தை ஒட்டிப் போகிறது, ஜீப் போகலாமா, ஊற்றுத் தண்ணீர் யாருக்கு எந்த நாள், களத்தை யார் எப்போது பயன்படுத்தலாம் என்பதையெல்லாம் உயிலிலேயே எழுதச் சொல்லுங்கள். சில்வர் ஓக் மரங்களும் மறக்கக் கூடாது. நிலம் ஒருவருக்கு, மரம் பொது என்று வாய்ப்பேச்சில் விட்டால் வெட்டும் நாளில் சண்டை வரும்.

முடிந்தால் நவம்பருக்கு முன் செய்யுங்கள். பறிப்புத் தொடங்கிவிட்டால் மலையில் யாருக்கும் நேரம் இருக்காது.


செவ்வாய்ப்பேட்டை மருமகள் | செவ்வாய், இரவு 9:05

வங்கிக் கணக்கில் நாமினி போட்டிருப்பதால் உயிலில் எழுத வேண்டாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் கணவர் 41 வயதில் மாரடைப்பில் இறந்தார். வைப்புத் தொகைக்கு நான் நாமினி, வங்கி என்னிடம் கொடுத்துவிட்டது. அது முழுவதும் எனக்கே என்று நம்பி வீட்டுக் கடனில் கட்டினேன். பிறகுதான் தெரிந்தது, நாமினி என்பவர் வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, பங்கு எல்லா வாரிசுக்கும் உண்டு. என் மாமியார் எனக்குச் சமமான வாரிசு. அவர் தங்கமானவர், ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஆனால் அவருடைய மற்ற பிள்ளைகள் கேட்டார்கள், அவர் மனம் நொந்துபோனார்.

என் கணவர் ஒரு பக்கத்தில் உயில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். 41 வயதில் யார் உயில் எழுதுகிறார்கள்? நான் இப்போது எழுதிவிட்டேன். எனக்கு 39.

உங்கள் தம்பி மனைவியையும் எழுதச் சொல்லுங்கள். குழந்தைக்கு அவர் மட்டும்தான் இருக்கிறார். தனக்கு ஏதாவது ஆனால் யார் பாதுகாவலர் என்பதை அம்மா உயிலில் எழுதிவைக்கலாம்.


கொலுசுப் பட்டறை | புதன், காலை 10:20

நிலமும் வீடும் மட்டுமே சொத்து என்று எல்லோரும் பேசுகிறோம். எங்கள் அப்பா பனங்காட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். திடீரென்று இறந்தபோது பட்டறையில் 11 கிலோ வெள்ளி இருந்தது. கம்பியாகக் கொஞ்சம், பற்றவைக்காத வளையமாகக் கொஞ்சம், மெருகு போடக் காத்திருந்த கொலுசு கொஞ்சம். அதில் எங்களுடையது எவ்வளவு, வியாபாரிகள் கொடுத்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் நோட்டில் "செ.பே. பெரியவர் 2.400", "மு. 900" என்று மட்டும் இருந்தது. பெயர் முழுதாக இல்லை, கொடுத்ததா வாங்கியதா என்ற குறிப்பும் இல்லை.

காரியம் முடிவதற்குள் ஐந்து பேர் வந்து நின்றார்கள். நான்கு பேர் சொன்ன கணக்கு நோட்டோடு பொருந்தியது, கொடுத்துவிட்டோம். ஐந்தாமவர் சொன்ன 1.5 கிலோ நோட்டில் இல்லை. கொடுத்தால் நாங்கள் ஏமாளிகள், கொடுக்காவிட்டால் அப்பா பெயருக்குக் களங்கம். அம்மா தன் காதுத் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கொடுத்துவிடு என்றார். கொடுத்தோம்.

காப்பி வியாபாரியிடம் வர வேண்டியது, கூலி முன்பணம், உரக்கடை பாக்கி, அடகில் உள்ள நகை எல்லாவற்றையும் அப்பா தன் கையால் ஒரு நோட்டில் எழுதட்டும். அது உயிலில் இருக்க வேண்டியதில்லை. உயிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, நாங்கள் ஆயுத பூஜையன்று செய்வதுபோல, புதிதாக எழுதித் தேதி போட வேண்டும்.


கோட்டை வாசகர் | புதன், பகல் 2:00

சேலம் கோட்டைப் பகுதியிலிருந்து எழுதுகிறேன். இங்கே சொன்ன சட்டங்களில் பல இந்துக்களுக்கானவை. முஸ்லிம்கள் வசிய்யத் என்னும் உயில் மூலம் கடனும் அடக்கச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும்தான் எழுத முடியும். அதற்கு மேல் எழுதினாலோ, ஒரு வாரிசுக்கே எழுதினாலோ மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். படிப்பவர்கள் தங்கள் மதச் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் கிறிஸ்தவத் தோட்டக்காரர்கள் நிறைய உண்டு. அவர்கள் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன், மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. திருமணம் செய்துகொண்டால் முந்தைய உயிலே செல்லாமல் போய்விடும்.


நாகலூர்த் தோட்டம் | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:15

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தட்டச்சு செய்து வைத்திருந்த மாதிரியில் தாத்தா வழி இரண்டு ஏக்கரை என் பெயரில் எழுதியிருந்தேன். அப்பா அப்படிச் சொல்லவில்லை. தோட்டத்துக்கு மாதம் இருமுறை போய்வருவது நான்தானே என்று நானே நினைத்துக்கொண்டேன். பழைய பத்திரம் ஐயா எழுதியதைப் படித்த இரவே அதை அழித்துவிட்டேன்.

அப்பா தனியாகவே வழக்கறிஞரைப் பார்த்தார். மூன்று முறை போனார். நான் வாசலில் இறக்கிவிட்டுவிட்டு அடுத்த தெருவில் நின்றேன். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தோட்டத்துக்கு வரச்சொன்னார். ஆத்தூர் மகள் கேட்ட கேள்வியை நான் தங்கையிடம் கேட்பதற்குள் அப்பாவே கேட்டார். "அன்றைக்கு நீ ஏன் பேசவில்லை?" தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்கள் கேட்கவில்லை அப்பா" என்றாள். அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து களத்தின் ஓரம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

அளவர் வந்தார். அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு எல்லைக் கல் ஒவ்வொன்றையும் தானே காட்டினார். ஒரு கல் மண்ணுக்குள் புதைந்திருந்தது. "இந்தப் பலாவிலிருந்து ஏழு அடி" என்றார். தோண்டினால் இருந்தது.

புதிய உயிலின்படி, அப்பா வாங்கிய நான்கு ஏக்கரும் தோட்டத்து வீடும் தம்பி மனைவிக்கும் மகளுக்கும் சரிபாதி. குழந்தையின் பாதியை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்று வழக்கறிஞர் சொன்னபோது, "எனக்கும் அதுதான் வேண்டும்" என்றாராம். இரண்டு ஏக்கரில் அப்பாவுக்குள்ள உரிமை தங்கைக்கு. ஊற்றிலிருந்து தண்ணீர், களம், சாலைக்குப் போகும் பாதை மூன்றும் எழுதியாகிவிட்டது. அஸ்தம்பட்டி வீடு அம்மாவுக்கு ஆயுட்காலம் முழுவதும், பிறகு எனக்கு. உயிலை நடைமுறைப்படுத்தும் நிறைவேற்றுநர் அம்மாவின் தம்பி. எங்கள் மருத்துவர் ஒரு சாட்சி, தோட்டத்துக்கு உரம் கொடுக்கும் கடைக்காரர் ஒரு சாட்சி. மருத்துவச் சான்றும் அதே தேதியில் வாங்கியிருக்கிறோம்.

அத்தையைப் பார்க்க அப்பா ஓமலூருக்குத் தனியாகப் பஸ்ஸில் போனார். காரில் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அத்தைக்கு 82 வயது. பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.


பழைய பத்திரம் | ஞாயிறு, இரவு 9:00

மனம் நிறைந்தது தம்பி. பழைய உயிலைக் கிழித்துவிடாதீர்கள், புதியதோடு சேர்த்தே வையுங்கள். இன்னொன்று, உயில் வில்லங்கச் சான்றில் தெரியாது. அது பதிவு அலுவலகத்தில் உயில்களுக்கான மூன்றாம் புத்தகத்தில் பதிவாகும், எழுதியவர் இருக்கும்வரை வேறு யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். ஆகவே அசல் எங்கே இருக்கிறது, பதிவு எண் என்ன என்பது உங்களைத் தவிர இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.


நாகலூர்த் தோட்டம் | ஞாயிறு, இரவு 9:20

அசல் அதே தகரப் பெட்டியில். பதிவு எண்ணை அம்மா, தங்கை, தம்பி மனைவி மூவரும் எழுதி வைத்திருக்கிறார்கள். பெட்டியில் ஒரு 80 பக்க நோட்டும் சேர்ந்திருக்கிறது. முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில், உரக்கடைக்கு 14,600 பாக்கி என்று இருக்கிறது.

தங்கை நேற்றுத் தொலைபேசியில் பேசினாள். வேறு ஏதோ பேசிவிட்டு, வைப்பதற்கு முன், களத்துக்குப் போகும் பாதை எத்தனை அடி அகலம் என்று எழுதியிருக்கிறது என்று கேட்டாள். 12 அடி என்றேன். ஜீப் போகுமா என்றாள். போகும் என்றேன்.